கால் ரத்தக் குழாயைப் பார்க்க நான்கு வழிகள்: எந்தக் காலுக்கு எது?

கால் விரலில் புண் வந்து ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கட்டு மாற்றும் மிசி பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாடி கிடைக்கவில்லையே என்கிறார். டாக்டர் ‘ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்’ என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் வீட்டில் விவாதம் தொடங்குகிறது. பட்டர்வொர்த்தில் இருக்கும் மருமகன், சிடி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள், எம்ஆர்ஐதான் பாதுகாப்பு என்பாள். பக்கத்து வீட்டு ஐயா, தனக்கு ஆஞ்சியோ செய்தபோதே அடைப்பையும் எடுத்துவிட்டார்கள் என்பார். ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் போதும் என்று யாராவது சொன்னால், செலவுக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பினாங்குத் தமிழர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் அந்த எண் 30ஐத் தாண்டியது. அதில் எத்தனை பேர் தைப்பூசத்தன்று செருப்பில்லாமல் தண்ணீர்மலைக்கு நடக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி ஏற்கெனவே குறைந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருக்கும்.

நான் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருப்பவன். அந்தப் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, தெரிந்தே படியுங்கள். ஆனாலும் இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை என்பதுதான் என் கட்சி. ஸ்கேனுக்குப் பிறகு அந்தக் காலுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பது ஒன்று. அந்தக் காலின் குழாய்கள் பிறவியிலேயே எப்படி அமைந்திருக்கின்றன என்பது இன்னொன்று. இந்த இரண்டும்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். முதலாவதைச் சிலராவது கேட்கிறார்கள். இரண்டாவதை வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, ஆஸ்பத்திரியிலும் நேரம் கிடைப்பதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எல்லாக் கால்களும் ஒரே மாதிரி இல்லை

தொடையிலிருந்து இறங்கும் பெரிய தமனி முழங்காலுக்குப் பின்பக்கம் வந்து, மூட்டுக்குச் சற்றுக் கீழே கிளை பிரிகிறது. முதலில் பிரிவது முன் தமனி. ஆன்டீரியர் டிபியல் என்று அறிக்கையில் இருக்கும். இரண்டு எலும்புகளுக்கு நடுவில் உள்ள சவ்வைத் தாண்டி முன்பக்கம் வந்து, பாதத்தின் மேற்புறம் வரை ஓடும். பாதத்தின் மேல் நாம் தொட்டுப் பார்க்கும் நாடி அதன் தொடர்ச்சிதான். மிச்சமுள்ள தண்டு கொஞ்ச தூரம் போய் இரண்டாகிறது. ஒன்று பின் தமனி, அதாவது போஸ்டீரியர் டிபியல். இது உள் கணுக்காலுக்குப் பின்னால் வளைந்து உள்ளங்காலுக்குப் போகிறது. மற்றது பெரோனியல் தமனி. வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பை ஒட்டி இறங்கி, சாதாரணமாகக் கணுக்கால் அருகில் சிறு கிளைகளாகிவிடும். முன் தமனியும் பின் தமனியும் பாதத்துக்குள் ஒரு வளைவில் கைகோத்துக்கொள்கின்றன. ஒன்று அடைத்தாலும் மற்றது காப்பாற்றுவது இந்த வளைவால்தான்.

100 கால்களை எடுத்தால் 90க்கு மேல் இப்படித்தான் இருக்கும். மீதிக் கால்கள்தான் எங்களை வேலை வாங்கும். 1989இல் கிம், ஆரன், ஸ்கில்மேன் என்ற மூவர் இந்த மாறுதல்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்றும் ஸ்கேன் அறிக்கைகளில் அந்தப் பிரிவைப் பார்க்கலாம். முதல் வகையில் கிளை பிரியும் இடம் வழக்கமானதுதான், பிரியும் விதம் மட்டும் வேறு. எடுத்துக்காட்டாக, மூன்றும் ஒரே இடத்தில் பிரியும். இரண்டாவது வகையில் ஏதாவது ஒரு கிளை முழங்கால் மூட்டு மட்டத்திலோ அதற்கு மேலேயோ சீக்கிரமே பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த முன் தமனி சில சமயம் எலும்பின் பின்பக்கத்தை மிக நெருங்கி ஓடும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்பவருக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

புண்ணுக்கு முக்கியமானது மூன்றாவது வகை. முன் தமனியோ பின் தமனியோ, சில நேரம் இரண்டுமோ, சரியாக வளர்ந்திருக்காது. அந்த வேலையைப் பெரோனியல் எடுத்துக்கொள்ளும். பின் தமனி மெலிந்திருந்தால் பெரோனியல் பருத்து, கணுக்காலுக்கு மேலே உட்பக்கமாகத் திரும்பி உள்ளங்காலுக்குப் போகும். முன் தமனி மெலிந்திருந்தால் பெரோனியலின் ஒரு கிளை சவ்வைத் துளைத்து முன்னால் வந்து பாதத்தின் மேற்புறத் தமனியாகிவிடும். இரண்டும் மெலிந்திருந்தால் பாதம் முழுவதுக்கும் பெரோனியல் ஒன்றுதான். இதை ‘பெரோனியா மேக்னா’ என்பார்கள். மிக அரிது, ஆனால் இருக்கிறது.

ஏன் எப்போதும் பெரோனியலே கைகொடுக்கிறது என்பதற்குக் காரணம் கருவறையில் இருக்கிறது. கருவின் காலுக்கு முதலில் ரத்தம் கொண்டுவருவது தொடையின் பின்பக்கமாக, பெரிய நரம்பை ஒட்டி இறங்கும் ஒரு தமனி. பிறகு முன்பக்கத் தொடைத் தமனி வளர்ந்து அதன் பொறுப்பை ஏற்றுக்கொள்ள, பழையது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதன் மிச்சங்களில் ஒன்றுதான் பெரோனியல். மூன்றில் மூத்தது அது. மற்ற இரண்டும் பின்னால் வந்தவை என்பதால் அவற்றில்தான் குறைபாடு அதிகம். பெரோனியலே இல்லாத காலைப் பார்ப்பது மிக மிக அரிது.

இந்த மாறுதல் எதுவும் நோய் இல்லை. அப்படி ஒரு காலோடு தண்ணீர்மலையின் 500க்கும் மேற்பட்ட படிகளைக் காவடி எடுத்து ஏறியவர், தனக்கு அப்படி ஒரு கால் இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கலாம். சர்க்கரையோ புகையிலையோ குழாயை அடைக்கும்போதும், யாராவது அங்கே கத்தி வைக்கும்போதும்தான் அது விஷயமாகிறது. ஒரு காலில் மாறுதல் இருந்தால் மற்றக் காலிலும் ஏதாவது மாறுதல் இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அதே மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது.

வறண்ட ஆறா, வெட்டாத வாய்க்காலா?

‘பின் தமனி தெரியவில்லை’ என்று ஒரு ஸ்கேன் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இருந்த குழாய் அடைத்துப்போயிருக்கலாம். அல்லது அங்கே குழாய் சரியாக வளரவே இல்லை. வறண்ட ஆற்றில் மறுபடி தண்ணீர் விடலாம், வெட்டாத வாய்க்காலில் எங்கே விடுவது?

முதலாவது என்றால் கம்பி விட்டு, பலூன் ஊதித் திறக்க முயலலாம். இரண்டாவது என்றால் கம்பி போக இடமில்லை. நூல் போன்ற குழாயைக் குத்திக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு, நேரமும், படத்தில் குழாய் தெரிய ஏற்றும் சாய மருந்தும் வீண். முயற்சி அத்தனையும் பெரோனியல் பக்கம் போக வேண்டும், ஏனென்றால் பாதம் அதை நம்பித்தான் இருக்கிறது. அந்தக் காலில் பெரோனியலில் ஏற்படும் ஒரு சின்ன அடைப்புக்கூடப் பெரிய அடைப்புக்குச் சமம்.

வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? குழாயின் சுவரைப் பார்க்க வேண்டும். அடைத்துப்போன தமனியின் சுவர் அங்கேயே இருக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அதில் சுண்ணாம்பு படிந்திருக்கும். ரத்தம் வந்து ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும், சுற்றிலும் சின்னச் சின்ன மாற்றுக் குழாய்கள் வலை போலக் கிளம்பியிருக்கும். பிறவியிலேயே மெலிந்த தமனி அப்படி முறிந்து நிற்காது, மெல்ல மெல்லக் குறுகிக் காணாமல் போகும். பெரோனியல் பருத்து, அதன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். வயதானவர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கலாம் என்பதுதான் சிக்கல்: பிறவியில் மெலிந்த குழாய், அதிலும் அடைப்பு.

இதை மனதில் வைத்துக்கொண்டு நான்கு ஸ்கேன்களையும் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் தர வரிசை கொஞ்சம் கலைந்துபோகும்.

ஸ்கேனுக்கு முன்னால்

மெஷினுக்குப் போவதற்கு முன் கை இருக்கிறது. பாதத்தின் மேல் நாடி கிடைக்கவில்லை என்றால் உடனே அடைப்பு என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே சிலருக்கு அந்த நாடி அங்கே கிடைக்காது. பெரோனியலின் கிளை அந்த வேலையைச் செய்யும் கால்களில், வெளிக் கணுக்காலுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பார்த்தால் சில நேரம் நாடி துடிக்கும். தொட்டுப் பார்க்கச் செலவில்லை, ஆனால் பலரும் தொடுவதில்லை.

அடுத்தது கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை எடுத்து ஒப்பிடுவது. கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஓட்டம் குறைவு என்று அர்த்தம். 1.4ஐத் தாண்டினால் சந்தோஷப்பட வேண்டாம். குழாய்ச் சுவர் சுண்ணாம்பாகி, பட்டை அழுத்தியும் அமுங்கவில்லை என்று அர்த்தம். இனிப்பு நீர் உள்ளவர்களிடமும் டயாலிசிஸ் போகிறவர்களிடமும் இது சகஜம். அப்போது கால் கட்டை விரலில் அழுத்தம் எடுக்க வேண்டும். விரலின் சின்னக் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. விரல் அழுத்தம் 30க்குக் கீழே போனால் புண் தானாக ஆறுவது கடினம், சிகிச்சையைத் தள்ளிப்போட நேரமில்லை.

இன்னொன்று. கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, வலி தாங்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல் போனால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். அங்கே மணி நேரங்கள்தான் கணக்கு.

டாப்ளர்

ஊசி இல்லை, சாய மருந்து இல்லை, கதிர்வீச்சு இல்லை. சிறுநீரகம் எந்த நிலையில் இருந்தாலும் செய்யலாம். கட்டிலோடு இருப்பவரிடம் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகலாம். வேண்டிய தடவை திரும்ப எடுக்கலாம். பலூன் செய்த பிறகு குழாய் திறந்தே இருக்கிறதா என்று பார்க்க இதை விட்டால் சுலபமான வழி இல்லை.

சுவரும் தெரியும், உள்ளே ஓடும் ரத்தத்தின் வேகமும் தெரியும் என்பதுதான் இதன் பெரிய பலம். ஆரோக்கியமான கால் தமனியில் அலை மூன்று கட்டமாக வரும். மேலே பெரிய அடைப்பு இருந்தால் அது சப்பையான ஒற்றை மேடாகிவிடும். கணுக்காலுக்கும் பாதத்துக்கும் வரும்போது தமனிகள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால், நுண்ணிய புரோப் வைத்தால் ஒரு மில்லிமீட்டர் குழாயையும் பின்தொடரலாம். பெரோனியல் உட்பக்கம் திரும்பி உள்ளங்காலுக்குப் போகிறதா, பின் தமனி சிறுத்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று அங்கே நேரில் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

பலவீனமும் நிறைய. கெண்டைக்காலின் நடுப்பகுதியில் பெரோனியல் ஆழத்தில் ஓடும். பருத்த கால், வீக்கம், தடிமனான கட்டு, வலியால் காலை அசைக்க விடாத நோயாளி, இதில் எது இருந்தாலும் அந்தப் பகுதி கைநழுவும். சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் ஒலி அலை திரும்பிவிடும், கீழே கறுப்புத்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது எடுப்பவரின் கை. இரண்டு காலையும் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒழுங்காகப் பார்க்க ஒரு மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றால் முழங்காலுக்குக் கீழே யாரும் பொறுமையாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மாறுதல்களைத் தேட வேண்டும் என்று தெரிந்தவர் தேடினால்தான் கிடைக்கும். வழக்கமான இடத்தில் வைத்துப் பார்த்து, ஓட்டம் இல்லை என்றவுடன் ‘அடைப்பு’ என்று எழுதிவிடுவது சுலபம்.

சிடி ஆஞ்சியோ

கையில் ஊசி போட்டு அயோடின் சாய மருந்தை ஏற்றுவார்கள், உடம்பு ஒரு நிமிடம் சூடாகும், மெஷின் வயிற்றிலிருந்து பாதம் வரை ஒரே ஓட்டமாகப் படம் பிடித்துவிடும். மேசையில் படுத்து எழுவதற்கே அதைவிட நேரமாகும். படம் முப்பரிமாணத்தில் கிடைக்கும், அறுவை சிகிச்சை நிபுணர் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். குழாய் எலும்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது, எந்த உயரத்தில் கிளை பிரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எதிலும் இல்லை. முழங்காலுக்கு மேலேயே பிரியும் தமனியைச் சிடி ஒரு பார்வையில் காட்டிவிடும். நல்ல குழாய் உள்ள காலில் பிறவி மாறுதலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் என் ஓட்டு சிடிக்குத்தான், டாப்ளர்க்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

நோயுற்ற காலில்தான் அது தடுமாறும். சுண்ணாம்பு படிந்த இடம் படத்தில் உண்மையைவிடப் பெரிதாக வெளுத்துத் தெரியும். தொடையில் அதைச் சமாளிக்கலாம். கணுக்கால் பக்கம் குழாயே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அதில் வெள்ளை பரவினால் உள்ளே வழி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. பல வருடம் இனிப்பு நீரோடு இருந்து டயாலிசிஸுக்கும் வந்துவிட்ட ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே சிடி அவ்வளவாக உதவாது என்பது இதனால்தான். ஆனால் இதிலும் ஒரு நன்மை உண்டு. அந்த வெள்ளைக் கோடு கீழே வரை போகிறது என்றால் அங்கே ஒரு காலத்தில் முழுத் தமனி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வறண்ட ஆறுதான், வெட்டாத வாய்க்கால் இல்லை.

நேரக் கணக்கும் தவறலாம். இரண்டு கால்களில் ஒன்றில் ஓட்டம் மெதுவாக இருந்தால் சாயம் பாதத்தை எட்டுவதற்கு முன் மெஷின் கடந்து போய்விடும். படத்தில் பாதம் வெறுமையாக இருக்கும், அறிக்கையில் அடைப்பு என்று வரும். நல்ல இடங்களில் கெண்டைக்காலிலிருந்து இன்னொரு முறை உடனே எடுப்பார்கள். ஸ்கேனுக்கு முன்பே ‘டாக்டர், பாதம் வரைக்கும் படத்தில் வருமா?’ என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண் 30க்குக் கீழே இருந்தால் டாக்டர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சில நிலைகளில் 48 மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 65 வயதில் காலை இழக்கும் அபாயத்தில் இருப்பவர் அதைக் கவலைப் பட்டியலின் கடைசியில் வைக்கலாம்.

எம்ஆர் ஆஞ்சியோ

சுண்ணாம்பு இதற்குத் தெரியாது, அதனால் சுண்ணாம்பு மறைக்கவும் செய்யாது. சிடி தடுமாறும் கால்களில் இது உள்வழியைக் காட்டும். கதிர்வீச்சும் இல்லை. மறுபக்கம், சுவரின் சுண்ணாம்புக் கோடு தெரியாததால் ‘அங்கே குழாய் இருந்ததா’ என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது கடினம். பாதத்தில் தமனி நிரம்பிய கையோடு சிரையும் நிரம்பிவிட்டால் படம் குழம்பும். நேர வரிசையில் அடுத்தடுத்துப் படம் எடுக்கும் முறை அதைக் கொஞ்சம் சரிசெய்யும்.

‘எம்ஆர்ஐ என்றால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு’ என்பது முழு உண்மை இல்லை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு, எம்ஆரில் சாயமாக ஏற்றும் கடோலினியம் மருந்து தோலையும் உறுப்புகளையும் இறுக வைக்கும் ஒரு கடும் நோயைக் கொண்டுவரலாம் என்பது 2006இல்தான் தெரியவந்தது. இப்போது பயன்படுத்தும் புதிய வகை மருந்துகளில் அந்த அபாயம் மிகக் குறைவு. மருந்தே இல்லாமல் எடுக்கும் முறைகளும் வந்துவிட்டன, ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்டவுடன் கிடைக்காது. எம்ஆருக்கு ஒத்துவராத பேஸ்மேக்கர் வைத்தவர், மூடிய இடத்தில் மூச்சுத் திணறுபவர், வலியால் அரை மணி நேரம் அசையாமல் படுக்க முடியாதவர் ஆகியோருக்கு இது சரிப்படாது. முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு அந்த இடத்தில் படம் கெட்டுப்போகும். சிடியிலும் அந்தத் தொல்லை உண்டு.

நேராக ஆஞ்சியோகிராம்

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் மெல்லிய குழாய் விட்டு, அந்தக் காலுக்குள்ளேயே சாயத்தைச் செலுத்திப் படம் எடுப்பது. ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. சுண்ணாம்பு மறைப்பதில்லை, எலும்பைக் கணினி கழித்துவிடும், பாதத்தின் வளைவு இதில் தெரிவது போல வேறு எதிலும் தெரியாது. காலுக்குள்ளேயே செலுத்துவதால் ஒரு காலை மட்டும் பார்ப்பதற்குக் குறைந்த அளவு சாயமும் போதும்.

மற்ற மூன்றுக்கும் இல்லாத ஒன்று இதற்கு இருக்கிறது: பார்த்த கையோடு சிகிச்சையும் செய்யலாம். அமெரிக்காவில் சார்ல்ஸ் டாட்டர் 1964 ஜனவரியில் முதன்முதலாகக் குழாய் வழியாகத் தமனியை விரித்தது ஒரு காலில்தான். காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்மணியின் கால் அது. வலி போயிற்று, அவர் தன் காலிலேயே நடந்தார். இதய பலூன் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

ஆனால் நம் கேள்விக்கு இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆஞ்சியோ காட்டுவது ரத்தம் ஓடும் வழியை மட்டும். சுவரைக் காட்டாது. பின் தமனி நிரம்பவில்லை என்றால் அது அடைத்ததா, வளரவில்லையா என்று பெரோனியலின் பருமனையும் திருப்பத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும். அனுபவமுள்ளவர் ஊகித்துவிடுவார். அவசரத்தில் இருப்பவர் கம்பியை எடுத்துவிடுவார். நால்வரில் மூத்ததாகக் கருதப்படும் பரிசோதனை, பிறவி மாறுதல் விஷயத்தில் டாப்ளரின் குறிப்பை எதிர்பார்த்து நிற்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இது உடம்புக்குள் கை வைக்கும் வேலை என்பதையும் மறக்கக் கூடாது. குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம், வீங்கலாம், அபூர்வமாக அறுவை வரை போகலாம். முடிந்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். சிறுநீரகம் தாங்காதவர்களுக்குச் சாயத்துக்குப் பதிலாகக் கரியமில வாயுவைப் பயன்படுத்தும் வழி உண்டு. தொடை வரை நன்றாக வரும், பாதத்தில் படம் அவ்வளவு தெளிவாக இருக்காது.

ஆறாத புண் உள்ளவருக்கு

நாடி, கணுக்கால் அழுத்தம், விரல் அழுத்தம், அப்புறம் ஒழுங்கான டாப்ளர். இது எல்லோருக்கும் பொது. விரல் அழுத்தம் நன்றாக இருந்து டாப்ளரிலும் பாதம் வரை நல்ல அலை வந்தால் மேற்கொண்டு ஸ்கேன் வேண்டாம், புண்ணையும் சர்க்கரையையும் செருப்பையும் கவனித்தால் போதும்.

ஓட்டம் குறைவு, சிகிச்சை செய்தே ஆக வேண்டும், டாப்ளரில் தொடைத் தமனி பரவாயில்லை, முழங்காலுக்குக் கீழேதான் அடைப்பு என்றால், நடுவில் சிடி எதற்கு என்று கேட்பேன். எப்படியும் ஆஞ்சியோ மேசைக்குப் போகத்தான் போகிறார். சிடிக்கு ஒரு தடவை, ஆஞ்சியோவுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை சாயம் ஏற்றுவது தளர்ந்த சிறுநீரகத்துக்கு நல்லதில்லை, சுண்ணாம்புக் காலில் சிடி பதிலும் தராது. டாப்ளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரே போவது நல்லது. அடைப்பு இடுப்பு, வயிற்றுப் பக்கம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் கதை வேறு. எந்தப் பக்கம் குத்துவது, பைபாஸ் தேவையா என்று திட்டமிடச் சிடியோ எம்ஆரோ முன்னால் வேண்டும்.

எந்தக் குழாயைத் திறப்பது என்பதிலும் மாறுதல் தலையிடும். பாதத்தின் தோலை எந்தத் தமனி ஊட்டுகிறது என்று பகுதி பகுதியாகப் பிரித்து, புண் இருக்கும் பகுதியின் தமனியைத் திறக்க வேண்டும் என்பது ஒரு வழிமுறை. உள்ளங்கால் என்றால் பின் தமனி, பாதத்தின் மேற்புறம் என்றால் முன் தமனி. பாடப் புத்தகக் காலுக்கு அது சரி. பெரோனியல் உள்ளங்காலுக்குப் போகும் காலில் அந்தக் கணக்கை அப்படியே போட்டால் தவறான கதவைத் தட்டுவோம்.

புண்ணே இல்லாத இன்னொருவருக்கு

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் இந்தியர்களிடம் அதிகம். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. தாடை எலும்பை எடுக்க வேண்டி வந்தால், காலின் வெளிப்பக்கச் சின்ன எலும்பை அதன் ரத்தக் குழாயோடு வெட்டி எடுத்து முகத்தில் பொருத்துவது 1989இலிருந்து நடைமுறையில் இருக்கும் சிகிச்சை. அந்த எலும்போடு போகும் குழாய் எது? பெரோனியல்.

இப்போது பெரோனியா மேக்னா என்ன செய்யும் என்று பாருங்கள். பாதத்தின் ஒரே தமனியை எடுத்து முகத்தில் வைத்தால் தாடை பிழைக்கும், பாதம் போய்விடும். பாதத்தில் நாடி நன்றாகக் கிடைக்கிறது, ஸ்கேன் எதற்கு என்று கேட்கும் நிபுணர்களும் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது, மாறுதல் அபூர்வம்தான். ஆனால் அந்த நாடி பெரோனியலிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம் என்பதால், என் கருத்தில் இங்கே தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. இளையவர், குழாய் சுத்தம், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் சிடி. எலும்பு வெட்டும் திட்டத்துக்கும் அதே படம் உதவும். சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்கு எம்ஆர், அல்லது தேர்ந்த கையின் டாப்ளர். ஆஞ்சியோ இங்கே தேவைக்கு மீறியது. ஒரு காலில் மாறுதல் இருந்தால் மற்றக் காலைப் பார்க்காமல் அதிலிருந்து எடுக்க ஒத்துக்கொள்ளக் கூடாது.

செலவும் காத்திருப்பும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. ஸ்கேனுக்கும் பெரும்பகுதிச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. விலை காத்திருப்பில்தான். தனியாரில் இந்த வாரமே எடுக்கலாம். சிடி ஆஞ்சியோவுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் போவது சகஜம், பலூனோடு ஆஞ்சியோ என்றால் ஐந்து இலக்கத்தில் பில் வரும். மெடிக்கல் கார்டு இருந்தால் உத்தரவாதக் கடிதம் எதற்குக் கிடைக்கிறது என்று முன்பே கேளுங்கள். வார்டில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குச் சில கார்டுகளில் பணம் வராது.

இரண்டையும் கலந்து செய்யும் குடும்பங்கள் இங்கே நிறைய. ஸ்கேனைத் தனியாரில் எடுத்து, சிகிச்சையை ஜிஎச்சில் செய்துகொள்வார்கள். நல்ல யோசனைதான், ஒரு நிபந்தனையோடு: சிகிச்சை செய்யப்போகும் டாக்டரிடம் முதலில் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். அவருக்கு வேண்டியது டாப்ளராக இருக்க, கையிலிருந்த பணத்தில் சிடி எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வருகிறவர்களைப் பார்க்கிறோம். ஆறாத புண்ணோடு அரசாங்கத் தேதி இரண்டு மாதம் தள்ளி வந்திருந்தால் சும்மா காத்திருக்காதீர்கள். புண் பெரிதாகிறது, நிறம் மாறுகிறது, இரவில் வலி தூங்க விடவில்லை என்பதைக் கவுண்டரில் தெளிவாகச் சொன்னால் தேதியை முன்னால் தள்ள வாய்ப்பு உண்டு.

அறிக்கை வந்ததும் மூன்று குழாய்களும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா, கணுக்காலுக்குக் கீழே என்ன என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘பின் தமனி அடைப்பு’ என்று மட்டும் இருந்தால், ‘டாக்டர், அடைத்ததா, பிறவியிலேயே சின்னதா?’ என்று கேளுங்கள். மாறுதல் ஏதாவது இருப்பதாகச் சொன்னால் அதை இனிப்பு நீர்ப் புத்தகத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படம் உள்ள டிஸ்க்கையும் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருடம் கழித்து முழங்கால் மூட்டு மாற்ற வேண்டி வந்தால், அந்த எலும்பு டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.